பாஸ்ச்சரின் குடுவை படைப்பை நிரூபிக்கிறதா? (கண்காட்சிக்கான செய்முறையோடு)

04.08.2023, மாலை 6.20
களுவாஞ்சிக்குடியிலிருந்து ஓர் ஆசிரியையின் கேள்வி:
உயிரிலிருந்துதான் உயிர் வரும் என்று லூயி பாஸ்ச்சர் 1860களிலேயே நிரூபித்துவிட்டார். அப்படியென்றால் முதல் உயிரை ஒருவர் படைத்திருக்கத்தானே வேண்டும்? ஐப்பசியில் பாடசாலைக் கண்காட்சி வருகிறது. அன்னக்கழுத்துக் குடுவையைச் செய்து வைத்து, கீழே "படைப்புக்குச் சான்று" என்று எழுதலாமா? செய்முறையும் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

04.08.2023, இரவு 9.05
குடுவையைக் கட்டாயம் வையுங்கள் ரீச்சர். அந்த வாசகத்தை எழுத வேண்டாம். கொதிக்க வைத்த சூப்புக்குள் காற்றுப் போகலாம், தூசி போகக்கூடாது என்று வைத்தால் சூப் கெடுவதில்லை. பாஸ்ச்சர் காட்டியது அவ்வளவும்தான். இன்றைய நுண்ணங்கிகள் இன்றைய சூப்பில் தாமாக முளைப்பதில்லை என்பது அதிலிருந்து வருகிறது. 400 கோடி ஆண்டுக்கு முந்திய, ஒட்சிசன் இல்லாத கடலில் என்ன நடந்தது என்று அந்தக் குடுவையிடம் யாரும் கேட்கவில்லை.

செய்முறை: 500 மில்லிலீற்றர் வெப்பம் தாங்கும் தட்டையடிக் குடுவை. ஒரு சூப் கட்டியை, பெட்டியில் சொன்ன அளவைவிட இரண்டு மடங்கு தண்ணீரில் கரையுங்கள், உப்பு கூடினால் வளர்ச்சி பிந்தும். ஆறவிட்டு மேலே படியும் கொழுப்பை எடுத்துவிட்டு, இரண்டு மடிப்புத் துணியில் வடியுங்கள். கொழுப்பு மிச்சமிருந்தால் முதல் நாளே கலங்கல் போலத் தெரிந்து எல்லாரையும் குழப்பும். ஒரு குடுவைக்கு 150 மில்லிலீற்றர். துளையுள்ள இறப்பர் அடைப்பானில், உள்விட்டம் 5, 6 மில்லிமீற்றர் உள்ள கண்ணாடிக் குழாயை 40 சென்ரிமீற்றர் நீளத்துக்குப் படுத்த எஸ் வடிவில் வளைத்துச் செருகுங்கள். நுனி கீழ்நோக்கி இருக்கட்டும். 15 நிமிடம் கொதிக்க வையுங்கள், நுனியால் ஆவி வர வேண்டும்.

05.08.2023, காலை 7.40
நேற்று விட்டுப்போனவை.

ஒரு குடுவை மட்டும் வைத்தால் அது காட்சிப் பொருள், பரிசோதனை ஆகாது. மூன்று வகை வேண்டும். முதலாவது நேராக நிமிர்ந்த குழாய், இரண்டாவது வளைந்த குழாய், மூன்றாவது வளைந்த குழாய்தான், ஆனால் 14 நாள் கழித்துச் சரித்து, சூப் வளைவைத் தொட்டுத் திரும்பி ஓட விடுவதற்கு. வகைக்கு மூன்று, மொத்தம் ஒன்பது. முதல் வகையிலும் குழாயின் விட்டம் ஒன்றாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் காற்றின் அளவு வேறு என்று பார்க்க வருகிறவர் சொல்லுவார், அவர் சொல்வதும் சரி.

இது பெரும்பாலும் பிழைக்கிற இடம் அடைப்பான். சூப் கெட்டால் எல்லாரும் வளைவைத்தான் குறை சொல்வார்கள், காற்று உண்மையில் அடைப்பானின் விளிம்பால் போயிருக்கும். ஆறிய பிறகு மெழுகுதிரியை உருக்கி விளிம்பைச் சுற்றி ஊற்றுங்கள்.

அடுப்பைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. ஆவி ஒடுங்கும்போது வெளிக்காற்று ஒரே இழுப்பில் உள்ளே பாயும், தூசியும் வளைவைத் தாண்டிவிடும். சுடரை மெல்ல மெல்லக் குறையுங்கள். முதலில் பாயும் காற்று இன்னும் கொதிநிலையில் இருக்கும் சூப்பைச் சந்திக்கிறது, பிறகு வருவது மெதுவாக வந்து வளைவின் ஈரத்தில் தூசியை விட்டுவிடுகிறது. பாஸ்ச்சர் தந்த விளக்கமும் இதுவே.

07.08.2023, பிற்பகல் 2.15
அக்கரைப்பற்றிலிருந்து ஒருவர் கேட்டிருக்கிறார்: சூப் கட்டிக்குப் பதிலாக வைக்கோல் ஊறிய தண்ணீரை எடுத்தாராம், 15 நிமிடம் கொதிக்க வைத்தாராம், இரண்டு நாளில் வளைந்தது நேரானது எல்லாமே கலங்கிவிட்டதாம். அப்படியானால் உயிர் தானாக வருகிறதா என்கிறார்.

வரவில்லை. என் 15 நிமிடம்தான் பிழை. வைக்கோலிலும் புல்லிலும் பசிலசு வகைப் பற்றீரியாவின் வித்திகள், அதாவது கடுஞ்சூழலைத் தாங்க அவை எடுக்கும் உறங்குநிலை வடிவங்கள், இருக்கும். இவற்றில் பல 100 பாகைக் கொதிநீரில் சாவதில்லை. நம் ஊர் கடல் மட்டத்தில் இருப்பதால் திறந்த சட்டியில் அதற்குமேல் சூடும் ஏறாது. சமைத்த சோற்றை வெளியில் வைத்தால் கெடுவதற்குக் காரணமான கூட்டத்திலும் இந்த வகை உண்டு. அரிசியில் இருந்த வித்தி கொதியைத் தாண்டிப் பிழைத்து, ஆறியதும் முளைக்கிறது.

அவர் செய்தது வரலாற்றில் நடந்த ஒன்று. உயிர் தானாக வரும் என்று வாதாடிய, பாஸ்ச்சரின் எதிராளி பெலிக்ஸ் பூசே புல் ஊறலைத்தான் பயன்படுத்தினார். பாஸ்ச்சர் எடுத்தது சர்க்கரை கலந்த ஈஸ்ட் நீர். உயரத்தில் காற்றில் தூசி குறைவு, அதனால் கெடுவதும் குறைவு என்று காட்ட, 1860இல் அதை 20 குடுவைகளில் அடைத்து அல்ப்ஸ் மலையில் 2,000 மீற்றர் அளவு உயரத்துக்குக் கொண்டுபோய்த் திறந்து மூடினார், ஒன்று மட்டும் கெட்டது. யூரா மலையில் 850 மீற்றரில் 20க்கு 5, அடிவாரத்தில் 20க்கு 8. பூசே 1863இல் பிரனீசு மலைக்குப் புல் ஊறலோடு ஏறினார், அவருடைய குடுவைகள் எல்லாம் கெட்டன. இருவரும் பார்த்ததைத்தான் எழுதினார்கள். கொதியைத் தாங்கும் வித்தியை 1876இல் பேர்டினன்ட் கோன் விளக்கும்வரை பூசேயின் முடிவுக்குச் சரியான விளக்கம் கிடைக்கவில்லை.

திருத்தம்: வைக்கோல், பயறு, அரிசி எதை எடுத்தாலும் பிறஷர் குக்கரில் 121 பாகையில், அதாவது சதுர அங்குலத்துக்கு 15 இறாத்தல் அமுக்கத்தில், 30 நிமிடம். முழு அமுக்கம் வந்த பிறகுதான் நேரம் எண்ண வேண்டும். எடையைத் தூக்கி ஆவியை வெளியேற்றாதீர்கள், சூப் பொங்கிக் குழாயெல்லாம் நனைந்துவிடும்.

07.08.2023, இரவு 8.30
வளைந்த குழாயோடு குடுவை குக்கருக்குள் கொள்ளாது என்பது எழுதிய பிறகுதான் உறைத்தது. அதற்கு ரின்டால் என்ற இயற்பியலாளர் 1877இல் சொன்ன வழி இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து, நாளுக்கு ஒரு தடவை 30 நிமிடம் கொதிக்க வைப்பது. இடையில் அறை வெப்பத்தில் விட வேண்டும். முதல் நாள் தப்பிய வித்தி அன்றிரவு முளைக்கும், முளைத்தது மறுநாள் கொதியில் சாகும். நம் 30 பாகை வெக்கை இதற்கு நல்லது. குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் முளைக்காது, எல்லாம் வீண். ஒவ்வொரு கொதியிலும் தண்ணீர் வற்றும், ஆகவே 150க்குப் பதில் 200 மில்லிலீற்றரில் தொடங்குங்கள். இடையில் தண்ணீர் சேர்க்க வேண்டாம்.

08.08.2023, காலை 6.55
தேசிக்காய் பிழிந்தால் போதாதா என்று கேட்டவருக்கு: போதும். அமிலம் கூடிய சூப்பில் தப்பிய வித்தி முளைக்காது. பாஸ்ச்சரின் ஈஸ்ட் நீர் சாதாரணக் கொதியில் தூய்மையாக நின்றதற்கும் அதன் அமிலத்தன்மை ஒரு காரணம். 1870களில் பஸ்தியன் என்ற ஆங்கிலேயர் சிறுநீரை நடுநிலையாக்கிக் கொதிக்க வைத்து வளர்ச்சியைக் காட்டியபோது, பாஸ்ச்சரின் ஆய்வுகூடம் அமுக்கக் கொதிகலனுக்குப் போக வேண்டி வந்தது. தேசிக்காய் விடுவதானால் ஒன்பது குடுவைக்கும் ஒரே அளவில் விடுங்கள், அட்டையிலும் எழுதுங்கள். வளைந்ததற்கு மட்டும் விடுவது ஏமாற்று.

10.08.2023, இரவு 10.10
ரீச்சர் திரும்பக் கேட்கிறார்: "அப்போது நடக்காதது எப்போதும் நடந்திருக்காது என்று எடுப்பதில் என்ன பிழை?"

இந்தக் கேள்விக்கு டார்வின் 1871 பெப்ரவரியில் நண்பர் ஊக்கருக்கு எழுதிய கடிதத்தில் பதில் இருக்கிறது. வெதுவெதுப்பான சிறு குட்டை ஒன்றில் அமோனியா, பொசுபேற்று, ஒளி, சூடு, மின்சாரம் எல்லாம் சேர்ந்து புரதம் போன்ற ஒன்று உண்டானால் என்ற ஊகத்தை எழுதிவிட்டு, இன்று அப்படி ஒன்று உண்டானால் இருக்கிற உயிர்கள் அதை அப்போதே தின்றுவிடும், உயிர்கள் தோன்றுமுன் அந்த ஆபத்து இல்லை என்கிறார். முதல் தடவை வெறும் வீட்டில் நடந்தது, ஆள் குடியிருக்கும் வீட்டில் திரும்ப நடக்க வேண்டும் என்று கேட்க முடியாது.

ஒன்றையும் இங்கே பிரித்துச் சொல்ல வேண்டும். உயிர் எப்படித் தொடங்கியது என்பது ஒரு கேள்வி. தொடங்கிய உயிர் எப்படிப் பலவாகப் பிரிந்தது என்பது வேறு, கூர்ப்பு பதில் சொல்வது அதற்கு. கடவுள் இருக்கிறாரா என்பது மூன்றாவது. இந்த இழையில் பாதிச் சண்டை இந்த மூன்றையும் ஒரே மூட்டையாகக் கட்டியதால் வருகிறது.

12.08.2023, முற்பகல் 11.20
"ஆவணியில் வெடித்துக் கிடந்த குளத்தில், மாரி தொடங்கி இரண்டு கிழமையில் மீன் துள்ளுகிறதே, அது எங்கிருந்து வந்தது?" அம்பாறைப் பக்கத்திலிருந்து வந்த கேள்வி. அரிசுட்டாட்டிலும் விலாங்கு சேற்றிலிருந்து பிறக்கிறது என்றுதான் நினைத்தார்.

விராலும் பனையேறியும் காற்றை நேரே சுவாசிக்கக் கூடியவை. ஈரச் சேற்றில் புதைந்து கிடந்து மழைக்கு எழும்பும். பனையேறி ஈரத் தரையில் ஊர்ந்தே அடுத்த குட்டைக்குப் போகும். மிச்சம், வாய்க்கால் நிரம்பி வயலும் குளமும் ஒன்றாகும்போது நீந்தி வருபவை. சில சிற்றிறால்களின் முட்டை காய்ந்த மண்ணில் ஆண்டுக்கணக்கில் கிடந்து பொரிக்கும். கண்காட்சியில் இதற்கும் ஒரு மேசை போடலாம். காய்ந்த குளத்து மண்ணை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியைக் குக்கரில் 30 நிமிடம் வைத்து, இரண்டுக்கும் கொதித்து ஆறிய மழைநீர் ஊற்றி வலை மூடிப் பத்து நாள் பாருங்கள். நுண்ணோக்கி இருந்தால் மூன்றாம் நாளே வித்தியாசம் தெரியும்.

12.08.2023, மாலை 5.45
காலையில் எழுதியதோடு சேர்த்துப் படியுங்கள். சைவநெறிப் பாடத்தில் நால்வகைத் தோற்றம் படிப்பிக்கிறோம்: முட்டையில் பிறப்பது அண்டசம், கருப்பையில் பிறப்பது சராயுசம், விதையிலிருந்தும் கிழங்கிலிருந்தும் முளைப்பது உற்பிச்சம், வேர்வையில் பிறப்பது சுவேதசம். பேனும் கிருமியும் சுவேதசத்தில் வரும். தானாகத் தோன்றுதல் என்ற எண்ணம் நம் மரபிலும் இருந்தது, அதைப் பக்தியுள்ளவர்கள்தான் வைத்திருந்தார்கள், கடவுளுக்கு அதனால் ஒரு குறையும் வரவில்லை. ஐரோப்பாவிலும் அப்படித்தான். 18ஆம் நூற்றாண்டில் ஆட்டிறைச்சிச் சாற்றில் உயிர் தானாக வருகிறது என்று வாதாடிய நீடம் கத்தோலிக்கக் குரு. அவருடைய போத்தல் சரியாக மூடப்படவில்லை, போதிய நேரம் கொதிக்கவில்லை என்று காட்டிய ஸ்பலன்சானியும் கத்தோலிக்கக் குரு. தானாகத் தோன்றுதல் என்றால் நாத்திகம், மறுத்தால் ஆத்திகம் என்ற கோடு பிறகு கீறப்பட்டது.

15.08.2023, இரவு 9.00
கல்முனையிலிருந்து ஒரு மாணவர் மில்லர் பரிசோதனையை (ஆதிப் பூமியின் வளி என்று கருதிய கலவையில் மின்பொறி பாய்ச்சி என்ன உண்டாகிறது என்று பார்த்தது) மோட்டார் சைக்கிள் கொயிலை வைத்துச் செய்யலாமா என்கிறார். வேண்டாம் தம்பி, எந்தச் சூழ்நிலையிலும் வேண்டாம். மெதேன், ஐதரசன், அமோனியா கலந்த கண்ணாடிக்குள் கொஞ்சம் காற்று நின்றாலும் பொறி பட்டதும் வெடிக்கும். மில்லர் முதலில் வெற்றிடப் பம்பியால் காற்றை முழுக்க இழுத்துவிட்டுத்தான் தொடங்கினார். அட்டையில் படமாக வரையுங்கள்.

வரைவதற்கான விபரம்: ஸ்ரன்லி மில்லர், ஆசிரியர் அரோல்ட் யூரி, சிக்காக்கோ பல்கலைக்கழகம், வெளியானது 1953. கீழே 500 மில்லிலீற்றர் குடுவையில் 200 மில்லிலீற்றர் தண்ணீர் கொதிக்கிறது. ஆவி 5 லீற்றர் மேற்குடுவைக்குப் போகிறது, அங்கே 60,000 வோல்ற்றுச் சுருளிலிருந்து பொறி. ஒடுக்கி வழியாகக் குளிர்ந்து, கீழே வளைவில் தேங்கித் திரும்ப வருகிறது. முதல் நாள் முடிய இளஞ்சிவப்பு, ஒரு கிழமையில் கடுஞ்சிவப்பும் கலங்கலும். முடிவில் பற்றீரியா வளராதிருக்க மேர்க்கூரிக் குளோரைட்டு சேர்த்தார். பாஸ்ச்சரின் பாடம் இங்கே வேலை செய்வதைக் கவனியுங்கள்: குடுவைக்குள் கிருமி வளர்ந்து, புரதத்தின் கட்டுத்துண்டான அமினோ அமிலம் வந்தது என்ற ஐயத்தை முதலிலேயே அடைத்துவிட்டார். கிளைசினும் இரண்டு வகை அலனினும் உறுதியாகக் கிடைத்தன.

16.08.2023, காலை 8.10
நேற்றையதற்கு இரண்டு சேர்க்கை. மில்லர் எடுத்துவைத்த பழைய சிறுபோத்தல்களை 2008இல் ஜெஃப்ரி பாடா குழு திரும்பச் சோதித்தபோது, எரிமலை ஆவி போலப் பீய்ச்சும் அமைப்பில் செய்ததிலிருந்து 22 அமினோ அமிலங்கள் கண்டார்கள். 2021இல் இன்னொரு குழு இதே பரிசோதனையைத் தெஃப்லோன் குடுவையில் செய்தபோது விளைவு குறைந்தது. கண்ணாடியில் இருந்து கரையும் சிலிக்காவுக்கும் பங்கு உண்டு.

இயற்கைத் தோற்றத்தின் பக்கம் பேசுகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. "ஆய்வுகூடத்தில் உயிர் உண்டாக்கிவிட்டார்கள்" என்று மில்லரைக் காட்டாதீர்கள். கிடைத்தது செங்கல், வீடு வேறு. அன்றைய வளியில் காபனீரொட்சைட்டும் நைதரசனும்தான் மிகுந்திருந்தன என்பதே இன்றைய பெரும்பான்மைக் கருத்து, அந்தக் கலவையில் சாதாரணமாகச் செய்தால் விளைவு மிகக் குறைவு. அதையும் அட்டையில் எழுதுங்கள்.

19.08.2023, இரவு 7.30
நிகழ்தகவுக் கணக்கு வந்திருக்கிறது. 100 அமினோ அமிலம் கொண்ட ஒரு புரதம், ஒவ்வோர் இடத்துக்கும் 20 தெரிவு, ஆக 20இன் 100ஆம் அடுக்கு, 1க்குப் பின்னால் ஏறத்தாழ 130 பூச்சியம். இது தற்செயலாக வருமா?

பெருக்கல் சரி. ஒரே ஒரு வரிசைதான் வேலை செய்யும், அதுவும் ஒரே எறியில் விழ வேண்டும் என்று எடுத்தது பிழை. 2001இல் கீஃப், சொஸ்ராக் இருவரும் 80 அமினோ அமில நீளத்தில் குருட்டாம்போக்காகக் கோத்த 6 இலட்சம் கோடிப் புரதங்களைத் துழாவினார்கள். உயிர்க்கலங்களில் சக்தியைக் கொண்டுசெல்லும் ஏ.ரி.பி. மூலக்கூற்றைப் பிடிக்கிற நான்கு குடும்பங்கள் கிடைத்தன. ஏறத்தாழ 10,000 கோடிக்கு ஒன்று என்பது அவர்கள் மதிப்பீடு. அரிதுதான், ஆனால் 130 பூச்சியத்துக்குக் கிட்டவும் வராது.

19.08.2023, இரவு 11.40
அந்தப் பதிலில் ஓர் இடம் இடிக்கிறது, நானே சொல்லிவிடுகிறேன். அந்தப் புரதங்களைக் கோத்தது உயிரிலிருந்து எடுத்த றைபோசோம், கலத்துக்குள் புரதம் கோக்கும் பொறி. முதல் சங்கிலியை யார் கோத்தார் என்பதற்கு அந்தப் பரிசோதனை பதில் இல்லை. நிகழ்தகவு வாதத்தின் கணக்கை அது உடைக்கிறது, அவ்வளவுதான்.

20.08.2023, பிற்பகல் 1.05
"காபன் 14 நம்பகமில்லை, ஆகவே பூமியின் வயது பொய்." காபன் 14இன் அரைவாழ்வு, அதாவது பாதி சிதைய எடுக்கும் காலம், 5,730 ஆண்டு. 50,000 ஆண்டுக்கு அப்பால் அதை யாரும் பாறை வயதுக்குப் பயன்படுத்துவதில்லை. பாறைக்கு சேர்க்கோன் என்ற கனிமத்தின் மணி. அது உருவாகும்போது யுரேனியத்தை உள்ளே விடும், ஈயத்தை ஏற்காது. பிறகு காணும் ஈயம் அநேகமாக யுரேனியம் சிதைந்து வந்தது. யுரேனியம் 238க்கு அரைவாழ்வு ஏறத்தாழ 447 கோடி ஆண்டு, 235க்கு ஏறத்தாழ 70 கோடி. ஒரே மணிக்குள் இரண்டு மணிக்கூடு. இரண்டும் ஒத்தால் வயதை நம்பலாம், ஈயம் கசிந்திருந்தால் இரண்டும் முரண்பட்டுக் காட்டிக்கொடுக்கும். மட்டக்களப்பு, அம்பாறையின் அடிப்பாறை விஜயன் தொகுதி. அதன் கிரனைட்டுப் பாறைகளுக்கு இந்த முறையில் 100 கோடி ஆண்டு அளவில் வருகிறது.

22.08.2023, இரவு 8.50
பொலன்னறுவைக் கல்லைக் கேட்டிருக்கிறீர்கள். 2012 டிசம்பர் இறுதியில் அரலகன்வில பக்கம் விழுந்ததாகச் சொன்ன கல்லில் தயற்றம் என்ற பாசியின் ஓடுகள் இருக்கின்றன, உயிர் விண்ணிலிருந்து வந்ததற்கு இது சான்று என்று சந்திரா விக்ரமசிங்க குழு 2013 ஜனவரியில் எழுதியது. அவை நம் நன்னீர் இனங்களே, கல்லே விண்கல் இல்லை என்று மற்றவர்கள் மறுத்தார்கள். மறுப்புத்தான் வலுவானது. ஈரமான வயல்நாட்டில் கிடந்து எடுத்த கல்லில் நன்னீர்ப் பாசி இருப்பதற்கு விண்வெளி தேவையில்லை. திரும்பவும் அதே தூசிப் பிரச்சினை.

ஒப்பிட்டுப் பார்க்க மெர்ச்சிசன் விண்கல். 1969 செப்டெம்பரில் அவுஸ்திரேலியாவில் விழுந்தது. அடுத்த ஆண்டே அமினோ அமிலங்களை அறிவித்த குழுவில் காலியில் பிறந்த சிறில் பொன்னம்பெரும இருந்தார். கைபட்ட மாசு என்ற ஐயத்தை எப்படி விலக்கினார்கள் என்பதைப் பாருங்கள். பெரும்பாலான அமினோ அமிலங்கள் இரண்டு கைகளைப் போல, ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமான இரண்டு வடிவில் வரும். உயிர்கள் புரதத்தில் இடக்கை வடிவ அமினோ அமிலத்தை மட்டுமே பயன்படுத்தும். கல்லில் இடக்கையும் வலக்கையும் ஏறத்தாழச் சமம், புரதத்தில் இல்லாத வகைகளும் இருந்தன. கைரேகையும் வியர்வையும் அப்படிக் கலக்காது. (பின்னாளில், 1997இல், ஒரு சிலவற்றில் இடக்கை சிறிது மிகுதி என்று கண்டார்கள். அது இன்னும் சுவையான கேள்வி.)

26.08.2023, மாலை 4.30
"அப்படியானால் எதுதான் தீரவில்லை?" நேர்மையான கேள்வி.

புரதம் செய்ய மரபுச் செய்தி வேண்டும், செய்தியைப் படியெடுக்கப் புரதம் வேண்டும். இந்த முடிச்சைத் தளர்த்தியது டி.என்.ஏ.யின் உறவு மூலக்கூறான ஆர்.என்.ஏ. அது செய்தியையும் தாங்கும், இரசாயனத் தாக்கத்தையும் ஊக்கும். இதைக் கண்ட செக், அல்ற்மன் இருவருக்கும் 1989இல் நோபல். றைபோசோமில் அமினோ அமிலங்களை இணைக்கும் இடத்தில் ஆர்.என்.ஏ. மட்டுமே இருக்கிறது. அந்த றைபோசோமின் கட்டமைப்புக்கு 2009இல் நோபல் பெற்ற மூவரில் ஒருவர் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன்.

தீராதவை: ஆர்.என்.ஏ.யின் சர்க்கரையான றைபோசை வெறும் இரசாயனத்தில் எடுக்கப் போனால், போமல்டிகைட்டும் சுண்ணாம்பும் சேர்ந்த கலவை பல சர்க்கரைகளாகப் பிரிந்து கபில நிறத் தாராக முடிகிறது, றைபோசு அதில் சொற்பம். 2009இல் சதர்லன்ட் குழு சர்க்கரையைத் தனியே செய்யாமலே ஆர்.என்.ஏ.யின் நான்கு எழுத்துகளில் இரண்டுக்கு வழி காட்டியது, ஆனால் படிப்படியாகப் பொருளைச் சேர்க்கும் கை அங்கே மனிதக் கை. ஏன் ஒரு கை வடிவம் மட்டும் தேர்ந்தது, முதல் சங்கிலி தன்னைத்தானே முழுக்க எப்படிப் படியெடுத்தது, இரண்டும் திறந்தே கிடக்கின்றன. திறந்திருக்கிற இடத்தில் கடவுளை வைத்தால், அது மூடப்படும் நாளில் அவரை எங்கே வைப்பது என்று விசுவாசிகளே கவலைப்பட்டிருக்கிறார்கள். எனக்கும் அந்தக் கவலை நியாயமாகவே படுகிறது.

29.08.2023, காலை 7.15
ரீச்சர் கேட்ட அட்டை வாசகம்: "கொதிக்க வைத்த சூப்பில், தூசி புகாதவரை நுண்ணங்கி வளரவில்லை. இன்றைய நுண்ணங்கி நுண்ணங்கியிலிருந்தே வருகிறது. பூமியின் முதல் உயிர் எப்படி வந்தது என்பதை இந்தப் பரிசோதனை சோதிக்கவில்லை." மூன்று வாக்கியம் போதும். உங்கள் வகுப்பில் கோயிலுக்கும் பள்ளிவாசலுக்கும் தேவாலயத்துக்கும் போகிற பிள்ளைகள் ஒரே மேசையில் நிற்கிறார்கள். எல்லாரும் கூச்சமில்லாமல் வாசித்துக் காட்டக்கூடிய அட்டை இது.

03.09.2023, இரவு 9.25
எறும்பு! இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். குழாய் நுனியால் எறும்பு புகுந்து வளைவைத் தாண்டினால் அன்றோடு அந்தக் குடுவை முடிந்தது. மேசைக் கால்களைத் தண்ணீர்த் தட்டில் வையுங்கள், நுனியின் வெளிப்பக்கம் வாசலின் பூசுங்கள், உள்ளே பூச வேண்டாம்.

கலங்கலைக் கண்ணால் மட்டும் சொல்லாமல், குடுவைக்குப் பின்னால் பத்திரிகைத் துண்டை ஒட்டி எழுத்து வாசிக்க முடிகிறதா என்று நாளுக்கு ஒரு தடவை குறியுங்கள். நம் வெக்கையில் நேர்க்குழாய் பெரும்பாலும் இரண்டு மூன்று நாளில் மங்கும். குழாய் ஒடுங்கியது என்பதால் ஒன்று பிந்தலாம், அதற்காக மூடியைத் திறந்துவிடாதீர்கள். வளைந்த மூன்றில் ஒன்று கெட்டால் ஒளிக்காமல் "3இல் 1" என்று எழுதி, அடைப்பானைச் சோதித்துக் காரணத்தையும் எழுதுங்கள். சரிப்பதைக் கண்காட்சிக்கு மூன்று நாள் முன்னே செய்தால் ஆட்கள் வரும்போது கலங்கியிருக்கும்.

முடிந்த பிறகு எதையும் திறந்து மணக்க வேண்டாம், பிள்ளைகளுக்குக் கட்டாயம் சொல்லுங்கள். வெளிற்றும் திரவம் ஒரு பங்குக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து, கெட்ட சூப்பின் அளவுக்குக் குறையாமல் குடுவைக்குள் ஊற்றி, ஒரு மணி நேரம் விட்டு, பிறகுதான் வடிகானில் கொட்ட வேண்டும். வித்தி இருக்கும் வைக்கோல் ஊறலுக்கு அது போதாது, குக்கரில் 30 நிமிடம் வைத்தே கொட்டுங்கள்.